349 சிசியும் கொஞ்சம் உப்பும்

வண்டி வாங்கி ஆறு வாரம் ஆகிறது. ஓடோமீட்டர் 1,140 கி.மீ. காட்டுகிறது. வகுப்பில் ஆளாளுக்கு "எப்படிலே இருக்கு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன். முகம் தெரியாத மக்கள் யாராவது இதே வண்டியை வாங்க யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் உதவட்டும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பைக் நிபுணன் இல்லை, பி.காம். மூன்றாம் ஆண்டு. குதிரைத்திறனைவிட வட்டிக்கணக்குதான் இதில் அதிகம் வரும். பொறுத்தருள்க :-)

வண்டி, ராயல் என்ஃபீல்ட் ஹண்டர் 350. தை பிறந்து வாங்கியது. பதிவு எண் டி.என். 69, நம்ம தூத்துக்குடி.

இதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்தது அப்பாவின் 100 சிசி வண்டி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். முத்தையாபுரம் பக்கம் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அந்த வண்டி இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றது. வடிந்த பிறகு சைலன்சரைக் கழற்றினால் சேறாக வந்தது. இரண்டு முறை இன்ஜின் வேலை பார்த்தும் ஓடவில்லை, கடைசியில் பழைய இரும்புக் கணக்கில் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அப்பாவுக்கு சைக்கிள், எனக்கு டவுன் பஸ்.

"போனது 100 சிசி, வந்தது 350ஆ? இது என்ன நியாயம்?" என்று நீங்கள் கேட்கலாம். பெரியம்மா கேட்டே விட்டார். ஆசைதான், வேறென்ன. ஆனால் ஆசைக்குப் பக்கத்தில் ஒரு தாளில் கணக்கும் போட்டேன். அதைச் சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதியிலிருந்து 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 350-ஐத் தாண்டினால் 40. (முன்பு அந்தப் பெரிய வண்டிகளுக்கு 28-ம் அதற்கு மேல் 3 சதவீதம் செஸ்ஸும் சேர்ந்து 31 இருந்தது.) வரிக்கு முன் ஒரு லட்சம் விலையுள்ள வண்டி, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் 1,18,000. அந்தப் பக்கம் நின்றால் 1,40,000. ஹண்டரின் சிலிண்டர் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8 மி.மீ. பள்ளிக்கூடத்து உருளைக் கொள்ளளவு வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள், 349.3 வரும். கோட்டுக்கு முக்கால் சிசி இந்தப் பக்கம்! இன்ஷூரன்சிலும் இதே கோடுதான். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350-க்கு மேல் 15,117 ரூபாய். பாதிக்குப் பாதி.

சாலை வரி, காப்பீடு, பதிவு எல்லாம் சேர்ந்து வண்டி ரோட்டுக்கு வரும்போது இரண்டு லட்சத்தைத் தொட்டது. அம்மா கட்டிவந்த சீட்டு முடிந்து 90,000. நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் சாயந்திரம் டேலி என்ட்ரி போட்டுச் சேர்த்தது 30,000. மீதி 80,000 கடன்.

கடன் மேட்டரை பி.காம். மக்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஷோரூமில் கடன் மேசையில் இருந்த அண்ணன், "எட்டு பர்சென்ட்தான் தம்பி, இரண்டு வருஷம்" என்றார். கேட்க இனிப்பாக இருந்தது. "ஃப்ளாட்டாண்ணே?" என்று கேட்டேன். ஆமாம், ஃப்ளாட்தான். 80,000-க்கு வருடம் 8 சதவீதம், இரண்டு வருடத்துக்கு வட்டி 12,800. மொத்தம் 92,800-ஐ 24-ஆல் வகுத்தால் மாதம் 3,867. இதில் என்ன விஷயம் என்றால், பன்னிரண்டாவது மாதம் முடியும்போது நாம் அசலில் பாதிக்குக் கிட்டே திருப்பிக் கட்டியிருப்போம். ஆனால் வட்டி மட்டும் முழு 80,000-க்கும் ஓடிக்கொண்டே இருக்கும். குறையும் நிலுவைக்கு மாற்றிப் பார்த்தால் அந்த "எட்டு" ஏறக்குறைய 14.7 சதவீதம். நான் அப்பா பெயரில் ஒரு வங்கியில் 11 சதவீதக் குறையும் நிலுவைக் கடன் வாங்கச் சொன்னேன். மாதம் 3,729, மொத்த வட்டி 9,500-க்குச் சற்றுக் கீழே. பெயருக்கு எட்டைவிடப் பதினொன்று பெரியது. ஆனால் கையில் 3,300 ரூபாய் மிச்சம். மூன்று வருடம் படித்ததில் முதன்முதலாக வீட்டுக்கு ஒரு லாபம் காட்டினேன் :-)

சரி, வண்டிக்கு வருவோம்.

திறன் 20.2 குதிரை, இழுவிசை 27 நியூட்டன் மீட்டர். இந்த விலைக்கு இதைவிட வேகமாகப் பறக்கும் வண்டிகள் நிறைய உண்டு. ஆனால் அந்த 27-ம் 4,000 சுற்றிலேயே முழுசாக வந்துவிடுகிறது. அதாவது, இன்ஜினைக் கதறவிட வேண்டியதில்லை. நாலாவது கியரில் 40-ல் போய்க்கொண்டிருக்கும்போது லேசாக முறுக்கினால் பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் மெதுவாக, விடாமல் இழுக்கிறது. 60-லிருந்து 75 வரை சுகம். 90-க்கு மேல் காற்றும் நடுக்கமும் "தம்பி போதும்" என்கின்றன. முதல் சர்வீஸ் 500 கி.மீ., அல்லது 45 நாள். அதுவரை அதட்டாமல்தான் ஓட்டினேன்.

எடை 181 கிலோ. ஓடும்போது தெரிவதில்லை, நிறுத்தி வீட்டுத் திண்ணை ஓரமாகத் தள்ளும்போது தெரிகிறது. கிளாசிக் 350 இதைவிட 14 கிலோ கூடுதல், அதைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். சீட் உயரம் குறைவு, என் 5 அடி 6 அங்குலத்துக்கு இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதிகின்றன. பின் சஸ்பென்ஷன் கொஞ்சம் முரட்டுத்தனம். முக்காணி தாண்டி ரோட்டில் ஒட்டுப்போட்ட இடங்களில் ஒவ்வொரு ஒட்டையும் முதுகெலும்பு எண்ணிவிடுகிறது. டேங்க் 13 லிட்டர். நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பிப் பார்த்ததில் 9.1 லிட்டருக்கு 322 கி.மீ., லிட்டருக்கு 35 சொச்சம். பழைய வண்டி 60 கொடுத்தது. பெட்ரோலைக் கணக்குக்கு 100 ரூபாய் என்று வைத்தால் கி.மீ.க்கு 1.67 போன இடத்தில் இப்போது 2.86. மாதம் 700 கி.மீ. ஓட்டினால் கூடுதல் செலவு 833 ரூபாய். இந்த 833-ம் இஎம்ஐயோடு சேர்ந்ததுதான், யாரும் நோட்டீசில் போடமாட்டார்கள்.

"இதெல்லாம் புல்லட்டே இல்லலே, சத்தமே வரல" என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. ஓரளவு உண்மை. 2020-ல் மீட்டியோரோடு வந்த புது இன்ஜின்தான் இதிலும். அதிர்வைக் குறைக்க உள்ளே பேலன்சர் ஷாஃப்ட் உண்டு, அதனால் பழைய தடதடப்பு இல்லை. அப்பா காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதைப் பழகியவர்களுக்கு இது பொம்மை மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒரு விஷயம், இந்த வண்டி நம்ம ஊர்க்காரன். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து ஆரம்பித்து, திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிப்போன பிறகும் இங்கே நிற்கவில்லை. 1994-ல் ஐஷர் கைக்குப் போனது, 2013-ல் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை. வெள்ளைக்காரன் விட்டுப்போன பெயரை வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து உலகம் முழுக்க விற்கிறார்கள். நமக்குக் கேஸ் ஸ்டடி எழுத ஏற்ற கதை.

பின்சீட்டின் அபிப்பிராயத்தையும் எழுதினால்தான் விமர்சனம் முழுமையாகும். முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனேன். 40 கி.மீ. அம்மா சேலையில் ஒருபக்கமாக உட்காருகிறவள். ஹண்டரின் பின்சீட்டு சின்னது, ஒருபக்கமாக உட்கார்ந்தால் பாதிதான் சீட்டில், மீதி முருகன் கையில். சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க இடதுபக்கத் தடுப்பு கட்டாயம். மோட்டார் வாகன விதி 123-லேயே அது இருக்கிறது, ஸ்டைல் கெட்டுப்போகும் என்று கழற்றிவிடாதீர்கள் மக்களே. ஹெல்மெட் போடச் சொன்னால் "தலையில பூ இருக்குய்யா" என்றாள். பூவைக் கழற்றிக் கைப்பையில் வைத்து, கோயில் வாசலில் மறுபடி வைத்துக்கொண்டாள். பழையகாயல் வரைக்கும் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்திருந்தது. ஆத்தூர்ப் பாலத்தில் தாமிரபரணியைப் பார்த்ததும் கையை எடுத்துக் கும்பிட்டாள். அப்போதுதான் வண்டி அவளுக்குப் பழகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து சொன்னது: "வண்டி நல்லாத்தான் இருக்கு. சீட்டுதான் ஒரு ஆளுக்குச் செஞ்சிருக்கான்."

இனிமேல் சொல்லப்போவதை எந்தப் பத்திரிகை விமர்சனத்திலும் பார்க்கமாட்டீர்கள். அவர்கள் ஓட்டிப் பார்ப்பது புனேயிலும் பெங்களூரிலும். இது தூத்துக்குடி.

ஊருக்குப் பெயர் முத்துநகர். சென்னைக்குப் போகிற ரயிலுக்கும் அதே பெயர். ஆனால் இங்கே கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். என் அப்பாவே அப்போது பிறக்கவில்லை. இன்றைக்கு ஊருக்குச் சோறு போடுகிறவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று உப்பு, இன்னொன்று துறைமுகம். வண்டி வாங்கிய பிறகுதான் கவனிக்கிறேன், என் வண்டிக்கு எமனாக வரக்கூடியவையும் இதே இரண்டுதான்.

முதலில் உப்பு. வாங்கி மூன்றாவது வாரம், முள்ளக்காடு பக்கம் உப்பளங்களை ஒட்டி நாலு நாள் போய்வந்தேன். ஐந்தாம் நாள் துடைக்கும்போது பார்த்தால் சைலன்சர் கிளாம்ப் போல்ட்டின் மரைகளில் பொடிப்பொடியாகக் காவிப் புள்ளி. செயினில் லேசாகச் செம்மை. வண்டிக்கு வயது இருபத்தொரு நாள்! காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம்ம ஊரில் விடியற்காலை அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். மேலே படிந்த உப்புத்தூசி இரவோடு இரவாகக் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலமாகி இரும்பைத் தின்கிறது. கணக்குப் புத்தகத்தில் வண்டிக்குத் தேய்மானம் குறைந்து செல் மதிப்பு முறையில் வருடம் 15 சதவீதம் என்று எழுதுகிறோம். அந்த 15-ஐ உட்கார்ந்து போட்டவர் முள்ளக்காட்டில் வண்டி வைத்திருக்கமாட்டார்.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணாச்சி சொன்ன வைத்தியம் இது. கடற்கரை, உப்பளப் பக்கம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது, உப்பு ராத்திரியில்தான் வேலை செய்யும். போர் தண்ணீரில் கழுவாதே, அதுவே உப்பு. ஈரம் காய்ந்தபின் போல்ட் தலைகளிலும் ஸ்டாண்ட் மூட்டிலும் மெல்லிசாக எண்ணெய். செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை மசகு என்றால் இந்த ஊரில் 300-க்கு ஒருமுறை. முக்கியமாக, ஈர வண்டியின்மேல் கவர் போட்டு மூடாதே. "மூடி வச்சா கருவாடு மாதிரி ஊறிப்போவும்" என்றார். காசு கேட்டால் "போ தம்பி, ஆயில் மாத்த வா" என்றார். நல்ல தண்ணீர்தான் பிரச்சினை, எங்கள் தெருவில் குடிதண்ணீர் வரும் நாளை எதிர்பார்த்துத்தான் குடங்கள் நிற்கும். அதனால் வாளியில் கழுவுவதில்லை. அரைக் குடம் தண்ணீர், ஈரத்துணி, இரண்டு முறை துடைப்பு. அம்மா குடத்தை எண்ணுகிறாள்.

அடுத்தது துறைமுகம். என் அப்பா கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறார், இருபது வருடத்துக்கு மேல். எங்கள் அடுப்பு எரிவது அந்தச் சக்கரங்களால்தான். வண்டி வாங்குவதற்கு அவர் மறுப்பு சொல்லவில்லை. ஆனால் வண்டி வீட்டுக்கு வந்து பத்து நாள் அதைத் தொடவும் இல்லை. நல்லா இருக்கு என்றோ, ஏன் வாங்கினே என்றோ ஒரு வார்த்தை கிடையாது. அம்மாதான் "உங்கப்பாவுக்கு அந்த ரோட்ட நெனச்சுப் பயம்யா" என்றாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணினார். "வண்டிய எடுத்துட்டு ஹார்பர் ரோட்டுக்கு வா." லாரிகள் ஓரங்கட்டி நிற்கும் இடத்தில் அவர் ட்ரெய்லரும் நின்றது. பின்னால் நாற்பதடிப் பெட்டி. "ஏலே, மேல ஏறு" என்றார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சின்ன வயதில் ஏறியிருக்கிறேன், அப்போது எல்லாம் விளையாட்டு. இப்போது அங்கிருந்து ரோட்டைப் பார்த்தால் ஊரே காலுக்குக் கீழே கிடக்கிறது. அப்பா என் வண்டியில் உட்கார்ந்து அதை மெதுவாகத் தள்ளிக்கொண்டு ட்ரெய்லரின் முன்பக்கம் வந்தார். முகப்புக் கண்ணாடிக்குக் கீழே போனதும் ஆளைக் காணோம். இடதுபக்கமாக வந்து முன்சக்கரத்துக்கு அருகில் நின்றார். இடது கதவுக் கண்ணாடியில் பார்க்கிறேன், காணோம். பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன், காணோம். "தெரியுதாலே?" என்ற குரல் மட்டும் கேட்கிறது. எழுந்து நின்றபோதுதான் அவர் உச்சந்தலை தெரிந்தது.

இரண்டு லட்ச ரூபாய், 181 கிலோ, தெருவே திரும்பிப் பார்க்கும் பெயின்ட். அங்கிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கீழே இறங்கியதும் அவர் சொன்னது மொத்தம் நாலு விஷயம். அப்படியே தருகிறேன், ஹார்பர் ரோட்டிலோ வேறு எந்தத் துறைமுக ஊரிலோ வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் பொருந்தும்.

ஒன்று: "கண்ணாடியில என் முகம் உனக்குத் தெரிஞ்சாத்தான் நீ எனக்குத் தெரிவே. தெரியலன்னா நீ அங்க இல்லன்னு வச்சுக்கோ."

இரண்டு: இடதுபக்கம் நுழையாதே. ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலதுபக்கம், இடதில் பாதி இருட்டு.

மூன்று: ட்ரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது முன்தலை அகலமாகச் சுற்றும், பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். நடுவில் தெரிகிற சந்து உனக்கு விட்ட வழி இல்லை.

நான்கு: ஹார்ன் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. உள்ளே இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, "உன் வயசுப் பையனுங்க இடப்பக்கம் நுழையும்போது பிரேக்குல கால் வச்சு எனக்குத் தொடை நடுங்கும்லே. ஆள் போயிட்டானா, அடியில கெடக்கானான்னு தெரியாது" என்றார். இருபது வருடத்தில் அவர் வேலையைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். பத்து நாள் மௌனத்துக்கு அர்த்தம் அப்போது புரிந்தது. அவர் பயந்தது என் வண்டியைப் பார்த்து மட்டும் இல்லை. ஏதோ ஒரு நாள் அந்த இருட்டுக்குள் தன் மகனே நிற்பானோ என்று, தன் வண்டியைப் பார்த்தும்தான்.

வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருக்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். (ஒரு சக்கரத்துக்காவது.) மழையில் நல்ல துணை. ஆனால் ட்ரெய்லர் கேபினில் உட்கார்ந்திருக்கிறவருக்கு நாம் தெரிகிறோமா என்பதற்கு எந்தக் கம்பெனியும் இன்னும் பட்டன் வைக்கவில்லை. கல்லூரிக்குப் போக இப்போது லாரிகள் அதிகம் வராத சுற்றுவழியில்தான் போகிறேன். மூன்று கி.மீ. கூடுதல். அப்பா சாயந்திரம் வந்ததும் வண்டியைப் பற்றி எதுவும் கேட்பதில்லை, "எந்த ரோட்டுல வந்தே?" என்று மட்டும் கேட்பார்.

ஆக மொத்தம், வாங்கலாமா என்று கேட்கும் மக்களுக்கு: நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கும் கால் எட்டாது என்று பயப்படுகிறவர்களுக்கும் அருமையான வண்டி. வேகம் வேண்டும் என்பவர்களுக்கும், அம்மாவையோ மனைவியையோ தினமும் நீண்ட தூரம் கூட்டிப்போகிறவர்களுக்கும் இது வேண்டாம். கடலோர ஊர்க்காரர்கள் இஎம்ஐக்குப் பக்கத்தில் எண்ணெய்க்கும் துணிக்கும் தண்ணீருக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கடன் மேசையிலும் "ஃப்ளாட்டா, குறையும் நிலுவையா" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வகுப்பில் ரைடு கேட்டுக் காத்திருப்போர் பட்டியலில் இப்போது ஒன்பது பேர். ஹெல்மெட் இல்லாமல் வருகிறவனுக்கு இடம் கிடையாது. கி.மீ.க்கு 2 ரூபாய் 86 காசு என்று மேலே எழுதியிருக்கிறேன், பாதிப் பங்கு கொடுத்தால் போதும். கடனுக்கு நண்பர்களானாலும் ஃப்ளாட் வட்டிதான் :-)